அடையாற்றுத் தண்ணீர் எதுவரை வரும்? வெள்ள வரைபடம் போடக் கற்றுக்கொள்பவர்களுக்கு

சென்னையில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றங்கரைத் தெரு ஏதாவது ஒன்றில் நின்று, "2015இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் மீட்டர் கணக்குச் சொல்ல மாட்டார்கள். சுவரில் ஓரிடத்தில் கையை வைத்து, "இந்த ஸ்விட்ச் போர்டு வரைக்கும்" என்பார்கள். அந்தக் கை நிற்கும் உயரத்தைக் கணினியில் கணக்குப் போட்டு வரவழைப்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. 16 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி ஒன்று. வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ், தண்ணீர்க் கணக்குக்கு ஹெக்-ராஸ் என்ற இரண்டு மென்பொருள்கள், இரண்டுமே இலவசம். ஹெக்-ராஸ் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கியது, உலகெங்கும் ஆற்று வெள்ளக் கணக்குக்குப் பயன்படுவது. ஓர் அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம், நான்கைந்து வார இறுதிகள். அளவுநாடாவை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில் மென்பொருளைவிட அதுதான் அதிகம் உதவும்.

எந்த வெள்ளம்?

புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். நகரத்தில் "வெள்ளம்" என்ற ஒரே சொல்லில் வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஆறு கரையை மீறி ஊருக்குள் வருவது ஒன்று. பெய்த மழை வடிய வழியில்லாமல் தெருவிலேயே தேங்குவது இன்னொன்று. கடல் மட்டம் உயர்ந்து முகத்துவாரத்தில் ஆற்றைத் தடுப்பது மூன்றாவது. 2015 டிசம்பர் 1 இரவு கோட்டூர்புரத்தில் நடந்தது பெரும்பாலும் முதல் வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நடந்தது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகைக்கு ஆற்று மாதிரி போதும், அதாவது ஆற்றில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியில் போடும் கணக்கு. இரண்டாம் வகைக்கு ஒவ்வொரு தெருவின் மழைநீர் வடிகாலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். அது வேறு வேலை. இந்தக் கட்டுரை ஆற்று வெள்ளத்தோடு நிற்கிறது.

மென்பொருளைத் திறக்கும் முன்

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல, ஏரிகளில் பிறந்த ஆறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் ஓடையாகச் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அதில் கலக்கிறது. அப்புறம் அனகாபுத்தூர், விமான நிலையம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடைசியில் சீனிவாசபுரத்தை ஒட்டிய முகத்துவாரம். மொத்தம் ஏறக்குறைய 42 கிலோமீட்டர்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டுப் பாடக்குறிப்புகளில் ஆறு என்பது ஒரே கோடு. மேலே தண்ணீரை ஊற்றினால் கீழே வரும். நம் ஊரில் அந்தக் கோட்டுக்கு மேலே ஏரிச் சங்கிலி இருக்கிறது. ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அடுத்ததற்கு. மழை தொடங்கி முதல் சில நாள் ஏரிகள் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆறு அமைதியாக இருக்கும். எல்லா ஏரியும் நிரம்பிய பிறகு பெய்யும் மழைக்கு அந்த இடைவெளி கிடையாது. ஒரே நாளில் எல்லாக் கலங்கலும் வழியும். 2015இல் நடந்தது அதுதான். நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை. ஏரிகள் முட்டி நின்றன. அதன்மேல் டிசம்பர் 1 வந்தது.

ஆகவே முதல் வேலை: வெள்ளைத் தாளில் ஆற்றை வரைந்து, மேலே உள்ள ஏரிகளையும், எந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் குறியுங்கள். செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்கரையை ஒட்டியே கண்ணை ஓட்டினால் பெரும்பாலான கலங்கல்கள் தெரியும். தெரியாதவற்றுக்கு ஊரில் போய்க் கேட்க வேண்டியதுதான். மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தரையின் உயரம்

வெள்ள வரைபடத்தின் தரம் நூற்றுக்கு எண்பது பங்கு இங்கேயே தீர்மானமாகிவிடும் என்பது என் கணிப்பு. உயர மாதிரி என்பது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதிய கோப்பு. இலவசமாகக் கிடைப்பவற்றில் நான்கைச் சொல்கிறேன்.

எஸ்ஆர்டிஎம்: 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி எடுத்தது. 30 மீட்டர் கட்டம். பழையது, இரைச்சல் அதிகம். எல்லாப் பாடங்களிலும் இதையே எடுக்கச் சொல்வார்கள். நகரத்துக்கு நான் எடுக்க மாட்டேன். கார்ட்டோடெம்: இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து வந்தது, புவன் தளத்தில் கிடைக்கும். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் மாதிரி: 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் தரவு, முந்தைய இரண்டையும்விடச் சீரானது. ஆனால் மூன்றுக்கும் ஒரே நோய்: அவை தரையைப் பார்க்கவில்லை, கூரையையும் மரத்தின் உச்சியையும் பார்த்தன. தி. நகர் அவற்றின் கண்ணில் ஒரு சின்ன மேடு.

நான்காவது ஃபேப்டெம். கோப்பர்நிக்கஸ் மாதிரியிலிருந்து கட்டடத்தையும் மரத்தையும் கணக்குப் போட்டு நீக்கி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் தந்தது. வணிக நோக்கமில்லாத வேலைக்கு இலவசம். கற்றுக்கொள்ள இதையே எடுங்கள். ஆனால் இதிலும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பிழை சாதாரணம். அரை மீட்டர் வித்தியாசம் வீட்டு வாசலா, படுக்கையறையா என்பதைத் தீர்மானிக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த உயரத் தரவு கையில் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் அதற்கு மாறிவிடுங்கள்.

இறக்கியதும் செய்ய வேண்டியவை சில. கோப்பைப் பாகைக்குப் பதில் மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் 32644 என்று தட்டினால் வரும். பாகைக் கணக்கிலேயே விட்டால் சரிவு, பரப்பு எல்லாம் அபத்தமாக வரும். அடுத்தது உயரத்தின் அடிப்படை. ஜிபிஎஸ் கருவி தரும் உயரமும் கடல்மட்ட உயரமும் ஒன்றல்ல. ஜிபிஎஸ் பூமியை ஒரு கணிதக் கோளமாக வைத்து அதிலிருந்து உயரம் அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் அந்தக் கோளத்திலிருந்து 106 மீட்டர்வரை தாழ்ந்து கிடக்கிறது, உலகிலேயே ஆழமான பள்ளம் அது. சென்னையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. அதனால் திருத்தாத ஜிபிஎஸ் எண்ணைப் போட்டால் சைதாப்பேட்டை கடலுக்குப் பல பத்து மீட்டர் கீழே போய்விடும். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், திருத்தம் போட்டால் சரியாகிவிடும்.

அப்புறம் பாலங்கள். மேலிருந்து பார்க்கும் கருவிக்குப் பாலத்தின் அடியில் தண்ணீர் ஓடுவது தெரியாது. அது பாலத்தை அணையாக நினைத்துக்கொள்ளும். நான் முதன்முதலில் அடையாற்றில் தண்ணீர் விட்டபோது விமான நிலையத்துக்கு மேற்கே ஒரு பெரிய ஏரி உருவாகி, சைதாப்பேட்டை சொட்டு நீரில்லாமல் காய்ந்து கிடந்தது. அரைநாள் மண்டையை உடைத்த பிறகுதான் உறைத்தது: அங்கே ஓடுபாதை ஒன்று ஆற்றுக்கு மேலே பாலமாகப் போகிறது. மாதிரியைப் பொறுத்தவரை அது அகலமான, ஓட்டையில்லாத ஓர் அணைக்கட்டு. ஆகவே ஆற்றின் போக்கில் முகத்துவாரத்திலிருந்து மேலே வரை ஒவ்வொரு பாலமாகப் பார்த்து, அந்தக் கட்டங்களின் உயரத்தை ஆற்றுப்படுகை அளவுக்கு இறக்குங்கள். திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், ரயில் பாலம் எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆற்றுப்படுகையும் மாதிரியில் இருக்காது. ரேடார் நீர்ப்பரப்போடு நின்றுவிடும். அடியில் எத்தனை ஆழம் என்று அதற்குத் தெரியாது. குறுக்குவெட்டு அளவுகள் கிடைத்தால் அவற்றைக் கொண்டு படுகையைத் தோண்டுங்கள். 2015க்குப் பிறகு அடையாற்றைத் தூர்வாரி அகலப்படுத்தும் பணிகள் நடந்திருக்கின்றன. இன்றைய படுகையை வைத்து அன்றைய வெள்ளத்தைச் சோதித்தால் உங்கள் தண்ணீர் தாழ்வாகவே ஓடும், காரணமும் பிடிபடாது. அளவு எந்த ஆண்டுடையது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பள்ளங்களை நிரப்பும் கருவி ஒன்று கியூஜிஐஎஸ்ஸில் உண்டு. தரவில் உள்ள போலிக் குழிகளை அடைக்க எல்லாரும் முதலில் அதைத்தான் ஓட்டுவார்கள். அது குழி எது, ஏரி எது என்று பார்க்காது. மொத்த ஏரிச் சங்கிலியையும் சமதரையாக்கிவிடும். ஓடைகளின் வழியைக் கண்டுபிடிக்க மட்டும் நிரப்பிய பிரதியைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் ஓடவிட மூலப் பிரதியை எடுங்கள்.

ஒரே மதியத்தில் முதல் வரைபடம்

முழு மாதிரிக்குப் போகும்முன் எளிய ஒன்றைச் செய்து பார்த்தால் உற்சாகம் வரும். ஒவ்வோர் இடமும் தண்ணீர் வடியும் வழியில் தனக்கு அருகிலுள்ள ஓடையைவிட எத்தனை மீட்டர் உயரம் என்று மட்டும் கணக்கிடுவது. கடல்மட்ட உயரத்தைவிட இது அதிகம் சொல்லும். கடலிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஆற்றுக்கு 1 மீட்டர் மேலே இருக்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து; கடலுக்கு 6 மீட்டர் மேலே, ஆற்றைவிட்டு வெகுதூரத்தில் இருப்பவருக்கு அல்ல.

கியூஜிஐஎஸ்ஸோடு சாகா கருவித்தொகுப்பை இணைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய உயர மாதிரியிலிருந்து ஓடை வலையை எடுங்கள். பிறகு வெர்ட்டிகல் டிஸ்டன்ஸ் டு சேனல் நெட்வொர்க் என்ற கருவியை ஓட்டுங்கள். வரும் படத்தில் 2 மீட்டருக்குக் கீழே அடர்நீலம், 2 முதல் 5 வரை வெளிர்நீலம், மற்றவை வெள்ளை என்று நிறம் கொடுங்கள். 2015இல் மூழ்கிய பகுதிகளின் உருவம் ஓரளவுக்குக் கண்ணில் தட்டும். தட்டாத இடங்களைக் குறித்து வையுங்கள். ஒன்று உயரத் தரவு தவறாக இருக்கும், அல்லது அங்கே வந்தது ஆற்று வெள்ளமாக இருக்காது.

இதில் தண்ணீரின் அளவே கிடையாது என்பதை மறக்கக் கூடாது. தாழ்வான இடம் எது என்று சொல்லும், அவ்வளவுதான்.

எவ்வளவு தண்ணீர்?

செய்தியில் கன அடி, மென்பொருளில் கன மீட்டர். 1 கன மீட்டர் 35.3 கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி. அதாவது சுமார் 820 கன மீட்டர். இந்த மாற்றத்தை மறந்துவிட்டு 29,000 என்றே போட்டவர்களின் வரைபடத்தில் சென்னை முழுகி ஆவடி வரை கடலாக இருக்கும்.

ஆனால் செம்பரம்பாக்கம் மட்டுமே அடையாறு இல்லை. அன்றைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 34.5 செ.மீ. பெய்தது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் எல்லாம் செம்பரம்பாக்கத்தின் மதகைத் தொடாமலே ஆற்றுக்கு வந்தது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, 2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. செம்பரம்பாக்கம் திறப்பு பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. மாதிரி போடுபவருக்கு இதில் ஒரு நல்ல வசதி: இரண்டு வரத்தையும் தனித்தனி வாய்க்காலாகவே வையுங்கள். ஒன்றை மூடி மற்றதை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

ஏரி வரத்துக்கு அளவு கிடைக்காது. மழையிலிருந்து கணக்கிட வேண்டும். எளிய வழி கர்வ் நம்பர் முறை. நிலத்துக்கு 100க்குள் ஓர் எண் கொடுப்பார்கள். எண் கூடக் கூடத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓடும். 200 மி.மீ. மழை பெய்ததாக வையுங்கள். வயலும் புதரும் கலந்த 70 எண் நிலத்தில் சுமார் 111 மி.மீ. ஓடும். அதே இடம் மனைப்பிரிவாகி 90 ஆனால் சுமார் 170 மி.மீ. வேறு எதுவும் மாறாமலே ஆற்றுக்கு ஒன்றரை மடங்கு தண்ணீர். ஏற்கெனவே ஒரு மாதம் மழையில் ஊறிய நிலத்துக்கு எண்ணை இன்னும் ஏற்ற வேண்டும், அதற்கு அட்டவணை இருக்கிறது. நிலப் பயன்பாட்டுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் 10 மீட்டர் நிலப்போர்வைப் படம் இலவசம்.

கணக்கு வழிதவறிப் போகிறதா என்று பார்க்க மனக்கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் மணிக்கு 1 மி.மீ. மழை பெய்து அப்படியே ஓடினால் விநாடிக்கு ஏறக்குறைய 10 கன அடி. பேச்சுக்கு, 200 சதுர கிலோமீட்டரில் மணிக்கு 15 மி.மீ., அதில் 80 விழுக்காடு ஓடினால் 24,000 கன அடி. எல்லா இடத்துத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்து சேராது என்பதால் நிஜ உச்சம் இதைவிடக் குறையும். மென்பொருள் ஒன்றரை லட்சம் சொன்னால் எங்கோ பிசகு.

மழைத் தரவில் நேரக் குழப்பம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. வானிலை ஆய்வுத் துறையின் "டிசம்பர் 2 மழை" என்பது டிசம்பர் 1 காலை 8.30 முதல் டிசம்பர் 2 காலை 8.30 வரை பெய்தது. செயற்கைக்கோள் மழைத் தரவோ உலக நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இரண்டையும் அப்படியே சேர்த்தால் வெள்ளம் மழைக்கு முன்பே வந்துவிடும். துறையின் கட்ட மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. கால் பாகைக் கட்டம், அதாவது ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். அடையாற்றின் மேல்பகுதி பெரும்பாலும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நீண்டகாலக் கணக்குக்கு இது நல்லது, ஓர் இரவின் கதைக்குப் போதாது.

நடந்த வெள்ளம் இல்லாமல் "நூறாண்டு வெள்ளம்" வேண்டுமென்றால் ஆண்டுதோறும் பெய்த அதிகபட்ச மழையை முப்பது நாற்பது ஆண்டுக்கு எடுத்து, கம்பெல் பரவல் என்ற புள்ளியியல் வளைவில் பொருத்துவார்கள். இந்தப் பெயர் ஏமாற்றும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் ஆண்டும் 1 விழுக்காடு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு. வீடு வாங்குபவரிடம் இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள், அதுதான் புரியும்.

ஓடவிடுவது

ஹெக்-ராஸைத் திறந்ததும் அலகு அடியில் இருக்கும், மீட்டருக்கு மாற்றுங்கள். கோப்புறைப் பெயர்களைச் சின்னதாக, இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஹெக்-ராஸின் வரைபடச் சாளரமான ராஸ் மேப்பரில் யுடிஎம் கோப்பைக் கொடுத்து, திருத்திய உயர மாதிரியை ஏற்றுங்கள்.

அடுத்து, தண்ணீர் பரவுவதைக் கணக்கிடும் இருபரிமாணப் பகுதியைச் சுற்றி ஓர் எல்லை வரைய வேண்டும். திருநீர்மலையிலிருந்து கடல் வரை, ஆற்றின் இருபுறமும் வெள்ளம் தொடாத மேடுவரை. தாராளமாக வரையுங்கள், எல்லையில் தண்ணீர் முட்டி நின்றால் அது கண்ணாடிச் சுவரில் முட்டுவதுபோல, விடை பொய்யாகிவிடும். கட்ட அளவுக்குப் பேராசை வேண்டாம். 120 சதுர கிலோமீட்டரை 10 மீட்டர் கட்டமாகப் பிரித்தால் 12 லட்சம் கட்டம், மடிக்கணினி இரவெல்லாம் முனகும். 30 மீட்டர் என்றால் சுமார் 1,33,000. முதல் ஓட்டத்துக்கு 30 போதும். பிறகு ஆற்றை ஒட்டி மட்டும் நெருக்குங்கள்.

கட்டத்தைவிட முக்கியமானது உடைகோடு. ஆற்றின் இரு கரை, ரயில் பாதையின் மண்மேடு, உயர்த்திக் கட்டிய சாலை ஆகியவற்றின் மேல் கோடு வரைந்து, கட்டங்களின் ஓரம் அந்தக் கோட்டில் ஒட்டும்படி செய்யுங்கள். செய்யாவிட்டால் ஒரே கட்டம் கரையின் இரண்டு பக்கமும் பரவி, கரையே இல்லாததுபோல் தண்ணீர் கசியும்.

மேனிங் எண் என்பது தரை தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதன் அளவு. சுத்தமான ஆற்றுப்படுகைக்கு 0.03. ஆகாயத்தாமரை அடைத்து, கரையில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் 0.06, 0.08 என்று ஏற்றுங்கள். தார்ச் சாலை 0.016 அளவில். நெருக்கமான குடியிருப்பு 0.1க்கு மேல். ஆறு எந்த மாதத்தில் எப்படி இருந்தது என்று பழைய படத்தில் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள். புத்தகத்து ஆறு வேறு, நம் ஆறு வேறு.

மேல் எல்லையில் இரண்டு வரத்தும். கீழ் எல்லையில் கடல். இங்கே நிலையான சரிவு என்று விட்டுவிடுவது சோம்பேறித்தனம். சென்னையில் ஓதம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். ஆனால் முகத்துவாரத்து மணல்திட்டும் சேர்ந்தால் கோட்டூர்புரம்வரை அதன் பாதிப்பு இருக்கலாம். நேரத்துக்கு நேரம் மாறும் கடல்மட்டத்தைக் கொடுங்கள்.

ஓட்டத்தின் காலத் துண்டையும் கவனியுங்கள். தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் போகிறது, கட்டம் 10 மீட்டர் என்றால் 5 விநாடிக்கு மேல் தாவக் கூடாது. தாவினால் நீர்மட்டம் பைத்தியம் பிடித்ததுபோல் மேலும் கீழும் குதிக்கும். முதலில் எளிய பரவல் சமன்பாட்டில் ஓட்டுங்கள். பாலங்களின் அருகே வேகம் முக்கியமென்றால் முழுச் சமன்பாட்டுக்கு மாறுங்கள்.

சுவரோடு ஒப்பிடுவது

இப்போது அளவுநாடாவை எடுங்கள். ரேடார் செயற்கைக்கோள் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும் என்று படித்திருப்பீர்கள். வயல்வெளியில் உண்மை. நெருங்கிய தெருவில் நீர்ப்பரப்பிலும் சுவரிலுமாக அலை இருமுறை பட்டுத் திரும்புவதால் வெள்ளம் உள்ள இடம் பளிச்சென்றும் தெரியலாம். அதோடு, சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் உச்ச வெள்ளத்தின்போது நம் தலைக்கு மேலே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. புறநகர்ப் பகுதிக்கு அதை வைத்துக்கொண்டு, நகரத்துக்கு மனிதர்களிடம் போங்கள். 2015 வெள்ளத்தின்போதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஒன்று உருவானது. எந்தத் தெரு என்பதற்கு அது நல்ல தொடக்கம். எவ்வளவு ஆழம் என்பதற்கு நேரில்தான் போக வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். "எத்தனை அடி?" என்று கேட்டால் ஆறடி என்றே எல்லாரும் சொல்வார்கள். "எத்தனையாவது படி நனைந்தது? ஃப்ரிட்ஜ் மிதந்ததா? சாமி மாடத்துக்கு எட்டியதா?" என்று கேளுங்கள். நினைவு பொருளோடு ஒட்டியிருக்கும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று சொன்னால் சொன்னவரின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஏறக்குறைய அரை மீட்டர், ஒரு மீட்டர், 1.4 மீட்டர். தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வந்ததா, சாக்கடை வழியே எதுக்களித்ததா, எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். கறை தெருமட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்து, இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தெருவை அதன் பிறகு உயர்த்திப் போட்டிருப்பார்கள், அதையும் கேளுங்கள். சென்னையில் பல வீடுகளின் வாசற்படி தெருவுக்குக் கீழே போனது அப்படித்தான்.

முப்பது நாற்பது புள்ளி சேர்ந்தால் மாதிரி சொல்லும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாப் புள்ளியிலும் மாதிரி தாழ்வாக இருந்தால் வரத்தையோ மேனிங் எண்ணையோ பாருங்கள். ஒரு தெருவில் மட்டும் தவறினால் அங்கே உயர மாதிரி தவறு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் தவறினால், இன்னொரு தடவை போய்க் கேளுங்கள். பாதிப் புள்ளிகளை வைத்து எண்களைச் சரிசெய்யுங்கள், மீதியைத் தொடாமல் வைத்திருந்து கடைசியில் சோதியுங்கள். எல்லாவற்றையும் வைத்துச் சரிசெய்துவிட்டு "பொருந்துகிறது" என்பது தானே கேள்வித்தாள் எழுதித் தானே தேறுவதுபோல.

ஆழத்திலிருந்து அபாயத்துக்கு

இதுவரை வந்தது வெள்ளத்தின் படம், அபாயத்தின் படம் இல்லை. ஆளில்லாத மைதானத்தில் இரண்டு மீட்டர் நின்றால் யாருக்கும் கேடில்லை. தரைத்தளத்தில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கும் வீட்டில் அரை மீட்டரே ஆபத்து. ஆழத்தின்மேல் யார் இருக்கிறார்கள், அவர்களால் வெளியேற முடியுமா என்ற இரண்டையும் வைக்க வேண்டும்.

ஆழத்தோடு வேகத்தைப் பெருக்கிப் பாருங்கள். நின்ற தண்ணீரில் 30 செ.மீ. வந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். ஆழம் மீட்டரிலும் வேகம் விநாடிக்கு மீட்டரிலும் இருக்க, பெருக்கல் 0.4ஐத் தாண்டினால் குழந்தைகளால் நிற்க முடியாது; 0.8ஐத் தாண்டினால் திடமான பெரியவர்களுக்கும் பிடிப்பு போகும். தப்பிப்போகும் வழி எந்த நேரத்தில் அடைபடுகிறது என்பதை இந்தப் படத்தில்தான் பார்க்க முடியும்.

மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் 100 மீட்டர் கட்டம், கட்டடங்களுக்கு கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ். இரண்டையும் நம்புமுன் ஆண்டைப் பாருங்கள். கடைசியாக நடந்த கணக்கெடுப்பு 2011. அதில் அடையாற்றங்கரையில் இருந்த குடும்பங்களில் பலரை 2015க்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய தரவில் அவர்கள் இன்னும் ஆற்றோரம் இருப்பார்கள். போன இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வுதான், அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. வெள்ள அபாய வரைபடம் குடிசையை மட்டும் சிவப்பாக்கி, அதே கரையிலுள்ள அடுக்குமாடியைப் பச்சையாகக் காட்டினால் வரைந்தவர் எதைத் தரவாக எடுத்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

வெளியிடும்போது

ஒற்றைக் கோடு போடாதீர்கள். வரத்தை 20 விழுக்காடு கூட்டியும் குறைத்தும், மேனிங் எண்ணை மாற்றியும் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுங்கள். எல்லா ஓட்டத்திலும் நனையும் இடத்துக்கு அடர்நிறம், சிலவற்றில் மட்டும் நனையும் இடத்துக்கு வெளிர்நிறம். 30 மீட்டர் தரவை வைத்து வீட்டு எண் வரை பெரிதாக்கிக் காட்டும் வரைபடத்தை இணையத்தில் போடுவது பொறுப்பில்லாத வேலை. தெரு அளவோடு நிறுத்துங்கள். குறிவிளக்கத்தில் 0.5, 1.0, 1.4 மீட்டர் என்பதற்குப் பக்கத்தில் முழங்கால், இடுப்பு, கழுத்து என்றும் எழுதுங்கள். எந்த ஆண்டின் படுகை, எந்த உயர மாதிரி, எத்தனை கன அடி என்பதை ஓரத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

முன்னறிவிப்பு வேண்டுமென்றால் அது உங்கள் வரைபடத்தின் வேலை இல்லை. சென்னைக்கு 2019 முதல் சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. மழை நாளில் அதையும் அரசு அறிவிப்பையும் பாருங்கள் என்று வரைபடத்திலேயே அச்சிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் நின்று, கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை மீட்டர் என்று கயிறு விட்டு அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். முதல் பெருமழைக்கு அடுத்த நாள் அதே இடத்தில் இன்னொரு முறை.